குதிரைக்குப் புல் சுமந்தவள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசிப்பு வட்டத்து மாணவர்கள் ஏழெட்டுப் பேரோடு சென்னை தீவுத்திடல் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். மன்றோ சிலைக்கு எதிரே வந்ததும் வழக்கமான பேச்சு தொடங்கியது. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோவின் சிலை அது. லண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி செய்தது, 1839-இல் இங்கே நிறுத்தப்பட்டது. குதிரை மேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் மன்றோவுக்குச் சேணமும் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்பார்கள் சிலர். வேண்டுமென்றே விட்டார் என்பார்கள் வேறு சிலர். இந்த ஊரில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக ஓயாத வழக்கு இது.

அப்போது முதலாமாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, சேணத்த விடுங்க. இந்தக் குதிரைக்கு யாரு புல்லு போட்டிருப்பாங்க?"

சிலையில் இருப்பது வெண்கலக் குதிரை, அதற்குப் புல் வேண்டாம் என்று ஒரு தம்பி கிண்டலடித்தான். ஆனால் கேள்வி எங்களை விடவில்லை. உயிரோடு இருந்த மன்றோ உயிருள்ள குதிரைகளில்தான் பாராமகால் முழுவதையும் சுற்றினார். அவருடைய ஒவ்வொரு குதிரையும் நாள்தோறும் தின்றது. அந்தத் தீனியை யார் தேடினார்கள், எங்கே அறுத்தார்கள், எப்படிக் கொண்டுவந்தார்கள்? வரலாற்றுப் புத்தகங்களில் குதிரைப்படை உண்டு, குதிரை வணிகம் உண்டு, குதிரை வீரன் உண்டு. குதிரையின் வயிறு மட்டும் கிடையாது. அந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனால் நம் சேரிக்குத்தான் வந்து சேருகிறோம், தோழர்களே. அந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

குதிரை தமிழ் மண்ணின் விலங்கு அன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அதே போல வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறு கூடத் தேறுவதில்லை என்று வியக்கிறார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லை, அரபுநாட்டு வணிகர்கள் வேண்டுமென்றே அப்படிப்பட்டவர்களை வர விடுவதில்லை என்பது அவர் சொல்லும் காரணம். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: இங்கே குதிரைக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கொடுக்கிறார்கள். பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியது இதற்குத் துணை நிற்கிறது. வறுத்த பார்லி, நெய்யில் சமைத்த தானியம், காய்ச்சிய பசும்பால், பிறகு நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றில் கட்டி வைத்துக் கொழுக்க வைப்பது என்று பட்டியல் போடுகிறார்.

லாடம் இல்லாததால் செத்தன என்பதை நம்மால் முழுதாக ஏற்க முடியவில்லை. குதிரை மாட்டைப் போல அசைபோடும் விலங்கு கிடையாது. அதன் இரைப்பை உடம்புக்குச் சிறியது. திறந்த மேய்ச்சலில் விட்டால் ஒரு நாளில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லைக் கடித்துக்கொண்டே நடக்கும். அந்த நடையும் அந்த நாரும்தான் அதன் குடலை ஓட்டுகிறது. புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டி, நடக்க விடாமல் கட்டிப்போட்டால் வயிற்றுவலி வரும், குளம்பு வீங்கும், படுத்தால் எழுந்திருக்காது. கோடி கோடியாகப் பொன் கொட்டி வாங்கிய குதிரையைப் பாண்டியன் சோறு போட்டுக் கொன்றான் என்பதே எங்கள் கணிப்பு. அந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்பதையும் வசாப் எழுதியிருக்கிறார்: கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும், கோயிலைச் சேர்ந்த பெண்கள் மேல் போட்ட வரியிலிருந்தும். குதிரை வாங்கிய காசில் பெண்களின் பங்கு அப்போதே உண்டு என்பதை மட்டும் குறித்துக்கொண்டு நகர்வோம்.

நரியைப் பரியாக்கிய கதை உங்களுக்குத் தெரியும். மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பொன்னைக் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. கதையில் எல்லோருக்கும் பங்கு உண்டு. லாயத்தில் அன்றிரவு புல் போட்டுவிட்டுப் படுத்தவர்களுக்கு விடிந்ததும் என்ன நடந்திருக்கும் என்று எந்தக் கதாகாலட்சேபத்திலும் நாம் கேட்டதில்லை.

இனி கம்பெனிக் காலத்துக்கு வருவோம். நம் கதை சூடு பிடிப்பது இங்கேதான்.

திப்புவுக்கு எதிரான போர் 1792-இல் முடிந்தது. அந்தப் படையெடுப்பைப் பற்றி மேஜர் டைரம் எழுதிய நூல் 1793-இல் வெளிவந்தது. ஒவ்வொரு குதிரைக்கும் இரண்டு ஆட்கள் என்று அதில் இருக்கிறது. ஒருவர் குதிரையைத் தேய்த்துக் கழுவிப் பராமரிக்கும் குதிரைக்காரர். இன்னொருவர் புல் கொண்டுவரும் புல்வெட்டி. ஓர் ஆயிரம் குதிரை உள்ள படை என்றால் இரண்டாயிரம் பேர் அவற்றின் பின்னால் நடந்தார்கள் என்று பொருள். சவாரி செய்தவனைவிடப் பின்னால் நடந்தவர்கள் இரண்டு மடங்கு.

இவர்கள் யார்? 1792-இல் இந்தியாவுக்கு வந்து முப்பது ஆண்டுகள் தென்னகத்தில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா, பறையர்களைப் பற்றி எழுதும்போது, தனியாரின் குதிரைகளையும் படையின் குதிரைகளையும் பராமரிக்கும் வேலை பல இடங்களில் அவர்கள் கையில் இருந்தது என்கிறார். துபுவா நம் மக்களைப் பற்றி எழுதியதில் பெரும்பகுதி இழிவுரை. அவரைப் படிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனால் இந்தத் தகவலை அவர் புகழ்வதற்கோ இகழ்வதற்கோ சொல்லவில்லை, போகிறபோக்கில் சொல்கிறார். அதனால்தான் அதை நம்பலாம் என்று நினைக்கிறோம். சாணம் அள்ளி, மூத்திரம் கழுவி, விலங்கின் வியர்வையோடு படுத்து எழும் வேலையைச் சாதி இந்து யாரும் தொடமாட்டான். வெள்ளைக்காரன் வீட்டில் மாட்டிறைச்சி வேகும், அதனால் அந்த வீட்டு வேலைக்கும் வரமாட்டான். இரண்டு கதவுகளும் நமக்குத் திறந்தே கிடந்தன. சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் தோல் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குதிரை மேல் இருந்த மனிதனைத் தவிர மற்றதெல்லாம் நம் கை பட்டது.

இப்போது, இந்தக் கட்டுரையை எழுத வைத்த ஒரு வரிக்கு வருகிறோம். 1886-இல் யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற அகராதி இருக்கிறது. இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் பேசிய சொற்களுக்கு விளக்கம் சொல்லும் தடித்த புத்தகம். அதில் புல்வெட்டி என்ற சொல்லுக்குக் கீழே ஒரு செய்தி: வடக்கே இந்த வேலையைச் செய்பவன் ஆண், தெற்கே அதைச் செய்பவள் குதிரைக்காரனின் மனைவி. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தெற்கே என்று அவர்கள் சொன்னது காதால் கேட்டதாக இருக்காது, கண்ணால் கண்டதாகவே இருக்கும்.

1836-இன் இறுதியில் சென்னைக்கு வந்திறங்கிய ஜூலியா மெயிட்லண்ட் என்ற ஆங்கிலேயப் பெண்ணும் இதையே எழுதியிருக்கிறார். அவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் சென்னைக் கடிதங்கள் என்ற நூலாக வந்தன. இங்கே ஒவ்வொரு குதிரைக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வேலைக்கு இருக்கிறார்கள், அந்தப் பெண்ணின் வேலை புல் அறுப்பது, நாய்க்குக்கூட ஒரு பையன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, பூனைக்கு வேலையாள் உண்டா என்று விசாரித்ததாகக் கேலி செய்கிறார். வேடிக்கையாகத்தான் எழுதினார். கெட்ட எண்ணம் கொண்டவரும் அல்ல அவர், அந்த ஊழியத்தைக் கண்டு கூச்சப்பட்டவர் என்றே தோன்றுகிறது. ஆனால் குதிரைக்கு ஒருத்தி, நாய்க்கு ஒருவன் என்ற அந்த வரிசையில் நம் கொள்ளுப்பாட்டி நிற்கிறாள். அவளுக்கு அங்கே பெயர் இல்லை.

அவள் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நம் ஊர்க் குதிரை ஒன்று 350 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் நூற்றில் இரண்டு பங்காவது உலர்ந்த தீனி தின்ன வேண்டும். அது 7 கிலோ. இதில் கொள்ளு இரண்டரை கிலோ போய்விட்டாலும் மிச்சம் நாலரை கிலோவுக்கு மேல் புல்லாக வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்கு தண்ணீர். ஆக, ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 20 கிலோ பச்சைப் புல். மழைக்காலத்தில் இது பெரிய காரியம் இல்லை. சித்திரை, வைகாசியில் இருபது கிலோ பச்சைப் புல்லுக்கு எங்கே போவது? தரை காய்ந்து வெடித்திருக்கும். அறுக்க ஒன்றும் இருக்காது, செதுக்கத்தான் வேண்டும். அருகம்புல்லின் கொடியும் வேரும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, களைக்கொத்தால் அந்தக் கொடியை மண்ணோடு பெயர்த்தெடுப்பாள். வரப்பு, ஏரிக்கரை, சாலையோரம், சுடுகாட்டு மேடு என்று எங்கெல்லாம் அருகு ஓடுகிறதோ அங்கெல்லாம் போவாள்.

அதோடு முடியாது. மண்ணோடு கொடுத்தால் குதிரையின் குடலில் மணல் தங்கிவிடும், வயிறு வலித்துப் புரண்டே சாகும். செத்தால் குதிரைக்காரன் முதுகுக்குத்தான் ஆபத்து. எனவே ஒவ்வொரு பிடியையும் உதறி, தட்டி, குளத்தில் அலசிப் பிறகே கட்ட வேண்டும். எந்தக் குளத்தில்? ஊர்க்குளத்தில் அவள் கால் வைக்க முடியாது. துரை வீட்டுக் குதிரைக்காக என்றாலும் முடியாது. அலசிய ஈரப்புல் இன்னும் கனக்கும். சும்மாடு சுருட்டித் தலையில் வைத்து, அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தால், வந்த பிறகு கொள்ளு வேகவைக்க வேண்டும். வடக்கே குதிரைக்குக் கடலையை ஊறவைத்துக் கொடுப்பார்கள். இங்கே கொள்ளு, அதை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி சொல்கிறோம். வேகும் கொள்ளு மணக்க, பசித்த பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க, அதைக் குதிரையின் தீனிப் பையில் கொட்டியவளை எந்தப் பழமொழியும் சொல்லவில்லை.

இங்கே ஒரு கணம் நின்று யோசியுங்கள். மன்றோ பிறந்த ஸ்காட்லாந்திலும் பக்கத்து இங்கிலாந்திலும் குதிரைக்கு என்ன செய்தார்கள்? வேலியடைத்த மேய்ச்சல் பட்டியில் அவிழ்த்து விட்டார்கள். ஒரு பட்டியில் புல் தீர்ந்ததும் அடுத்த பட்டிக்கு மாற்றினார்கள். குளிர்காலத்துக்குப் புல்லை அறுத்துக் காயவைத்துப் போர் போட்டார்கள். (அந்த வேலிகளும் சும்மா வரவில்லை. பொது நிலத்தில் மாடு மேய்த்துப் பிழைத்த ஏழைகளை விரட்டிவிட்டுத்தான் போடப்பட்டன. ஆனால் அது வேறு கதை.) இதெல்லாம் தெரிந்த அதே துரைமார்கள் இங்கே வந்ததும் குதிரையை முன்னங்காலிலும் பின்னங்காலிலும் கயிறு போட்டு முளையில் கட்டினார்கள். அங்கே குதிரை மேய்ச்சல் நிலத்துக்குப் போயிற்று. இங்கே மேய்ச்சல் நிலம் ஒரு பெண்ணின் தலையில் ஏறிக் குதிரையிடம் வந்தது.

ஏன்? தட்பவெப்பம் ஒரு காரணம். கோடையில் இங்கே பட்டிகளில் புல் நிற்காது. வயல்கள் நெருக்கமாக இருந்த நாட்டில் குதிரையை அவிழ்த்துவிட இடமும் குறைவு. ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் முதன்மையான காரணம் கணக்குதான். வேலி போட, நிலம் ஒதுக்க, போர் அடுக்கிவைக்கப் பணம் வேண்டும். சேரியிலிருந்து ஒரு பெண்ணை வரவழைக்க அதைவிட மிகக் குறைவாகவே போதும். 1789-இல் இன்ஸ் மன்றோ என்ற அதிகாரி (சிலையில் இருப்பவர் அல்ல, வேறு மன்றோ) சோழமண்டலக் கரைப் போர்களைப் பற்றி எழுதிய நூலில் வேலையாட்களின் சம்பளம் வருகிறது. அதில் குதிரைக்காரரும் புல்வெட்டியும் ஒரே வரியில், இரண்டு வராகன் என்று முடிந்துவிடுகிறார்கள். கணவன் பெயரில் கூலி, மனைவி தலையில் சுமை என்ற ஏற்பாடு பண்ணையார் வீட்டிலும் இருந்தது, துரை வீட்டிலும் தொடர்ந்தது. பண்ணையாளை வைத்தால் அவன் குடும்பமும் சேர்த்தி என்ற நம் ஊர் வழக்கத்தை வெள்ளைக்காரன் இங்கிருந்துதான் கற்றுக்கொண்டான்.

போர்க்களத்தில் இது இன்னும் கொடுமை. 1791 மே மாதம் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டினத்தின் வாசல் வரை போய்விட்டுக் கோட்டையைப் பிடிக்காமலே திரும்பினார். தன் கனரகப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். திப்புவின் படை எதிரில் இருந்தது என்பது மட்டுமல்ல, சுற்றிலும் தீவனம் இல்லை. திப்பு வழியெல்லாம் எரித்து வைத்திருந்தார். மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, குதிரைகள் நிற்க முடியாமல் விழுந்தன. அப்படிப்பட்ட நாட்களில் ஒரு பிடி வேர் தேடி முகாமின் எல்லையைத் தாண்டிப் போனவர்கள் யார்? எதிரிக் குதிரைவீரர்கள் சுற்றி வளைத்தால் முதலில் அகப்பட்டவர்கள் கையில் களைக்கொத்து தவிர வேறு ஆயுதம் இல்லாத இந்தப் புல்வெட்டிகள். படை வரலாறுகள் செத்த அதிகாரிகளைப் பெயர் சொல்லி எண்ணும். செத்த குதிரைகளையும் எண்ணும்.

தோழர்கள் சிலர் இங்கே ஒரு மறுப்பு சொல்வார்கள் என்று தெரியும். வெள்ளைக்காரன் வீட்டு வேலைதானே நம்மை மிராசுதாரிடமிருந்து வெளியே கொண்டுவந்தது? அந்தக் கூலி காசாகக் கிடைத்ததே? உண்மைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். அந்த வீட்டு வழியாகத்தான் அவர் வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் கைக்குப் போயிற்று என்று பண்டிதர் பதிவு செய்திருக்கிறார். துரை வீட்டுப் பின்கட்டில் ஒரு புதிய தலைமுறை எழுந்தது. ஆனால் பட்லரும் புல்லுக்காரியும் ஒரே பின்கட்டில் இருந்தாலும் ஒரே படியில் இல்லை. கந்தப்பனிடம் ஓலை இருந்தது, பேரன் எழுதினார், பெயர் நின்றது. புல்லுக்காரியிடம் இருந்ததைக் குதிரை தின்றுவிட்டது.

மேய்ச்சல் பட்டி இந்த நாட்டில் வரவே இல்லை என்று நினைக்க வேண்டாம். வந்தது. குதிரையை வளர்த்துப் பெருக்க வேண்டும் என்ற தேவை வந்தபோது வந்தது. ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் 1824-இல் கம்பெனி குதிரைப் பண்ணை தொடங்கியது. மன்றோ ஆளுநராக இருந்த காலம். ஓசூரின் குளிர்ந்த மேட்டு நிலத்தில் சுமார் 1,640 ஏக்கர். இன்றும் அது அரசுக் கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. படைக்குக் குதிரை வேண்டும் என்றதும் அவ்வளவு நிலம் ஒரே வளைவாகக் கிடைத்துவிட்டது.

அதே காலத்தில்தான் மன்றோவின் ரயத்துவாரி முறை மாகாணம் முழுவதும் நிலைபெற்றது. நிலத்துக்கு அளவு, உழுபவனுக்குப் பட்டா என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். பட்டா கிடைத்தது மிராசுதாருக்கும் சாதி இந்துக் குடியானவனுக்கும். ஏர் பிடித்த பறையருக்கும் பள்ளருக்கும் பெரும்பாலும் கிடைக்கவில்லை. தரிசைக் கேட்டு மனுப் போட்டாலும், எங்கள் ஊர் நிலத்தில் எங்களுக்கே முதல் உரிமை என்று மிராசுதார் குறுக்கே நின்றார். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கை முழுவதும் இந்தச் சங்கதிதான். அதன் பிறகு 1892 செப்டம்பரில் வந்த ஆணையின்படி பஞ்சமருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. நாம் பஞ்சமி நிலம் என்று இன்றும் மீட்கப் போராடிக்கொண்டிருப்பது அதைத்தான். 1824-க்கும் 1892-க்கும் இடையே 68 ஆண்டுகள். குதிரைக்கு மேய்ச்சல் நிலம் கொடுத்த பிறகு, குதிரைக்குப் புல் சுமந்தவளின் பேத்திக்கு நிலம் கொடுக்கலாமா என்று யோசிக்க அரசுக்கு அத்தனை காலம் ஆயிற்று.

அந்த 68 ஆண்டுக்குள் 1876-78 தாதுவருஷப் பஞ்சமும் அடக்கம். 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. படைக் குதிரை எதுவானாலும் அதன் ஒரு நாள் கொள்ளு அதைப் போலப் பல மடங்கு. கல் உடைக்கும் மனிதனுக்கு ஒரு பவுண்டு, நிற்கும் குதிரைக்குப் பல பவுண்டு. இதை எழுதும்போது குதிரை மேல் நமக்குக் கோபம் இல்லை. அது கேட்டு வாங்கவில்லை.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாதபடி கிண்டி இருக்கிறது. அங்கே குதிரைப் பந்தய மைதானத்துக்காக 160 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலம் 1945-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை சுமார் 614 ரூபாய். ஏக்கருக்கு நாலு ரூபாய் கூட வரவில்லை. 2024 செப்டம்பரில்தான் 730 கோடி ரூபாய் வாடகைப் பாக்கிக்காக அரசு குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்குச் சீல் வைத்தது. அந்த 614 ரூபாய் ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் இருந்த நம் மக்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்று பெயர் சூட்டப்பட்டு, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றப்பட்டார்கள்.

குதிரைக்குத் தீனி போட்டவர்கள் குதிரை மேல் ஏறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 1929-இல் அண்ணல் அம்பேத்கர் சாலிஸ்கானில் ரயிலிலிருந்து இறங்குகிறார். மகர் குடியிருப்புக்கு அழைத்துப்போகக் குதிரை வண்டி வேண்டும். தீண்டத்தகாத ஒருவரை ஏற்றிக்கொண்டு ஓட்டினால் தன் மரியாதை போய்விடும் என்று எந்த வண்டிக்காரனும் வரவில்லை. கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள். ஓட்டியவர் வண்டி ஓட்டிப் பழகாத ஒரு மகர் தோழர். பாலத்தின் மேல் சக்கரம் இடறி, அண்ணல் தூக்கி எறியப்பட்டு, காலில் எலும்பு முறிந்தது. விசாவுக்காகக் காத்திருத்தல் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். அப்போது அவர் அயல்நாட்டில் படித்துத் திரும்பிய பாரிஸ்டர், அரசு நியமித்த குழுவின் உறுப்பினர். வண்டிக்காரனுக்கு அதெல்லாம் பொருட்டில்லை.

2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் 21 வயது தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அவர் ஒரு குதிரை வாங்கி வளர்த்தார், அதில் சவாரி போனார். குதிரையை விற்றுவிடு, ஏறிப் போகாதே என்று ஆதிக்கச் சாதியினர் மிரட்டினார்கள் என்று அவருடைய தந்தை புகார் கொடுத்தார். ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் குதிரையில் வரும் தலித் மணமகனுக்குப் போலீஸ் பாதுகாப்பு கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற செய்தியை ஒவ்வொரு கல்யாண சீசனிலும் படிக்கிறோம். நம் ஊரில் கல்யாணத்துக்குக் குதிரை வழக்கமில்லை, அதனால் இங்கே பிரச்சினை இல்லை என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். இங்கே சைக்கிளும் செருப்பும் அந்த இடத்தில் இருந்தன, பிறகு புல்லட் வந்தது. நம் மக்கள் குதிரை மேல் ஏறி உட்கார்ந்தது மதுரைவீரன் சிலையில்தான். கவனித்திருக்கிறீர்களா? அந்தக் குதிரைக்குச் சேணமும் உண்டு, அங்கவடியும் உண்டு, கழுத்தில் சலங்கையும் உண்டு. செய்தவர்கள் எதையும் மறக்கவில்லை.

குதிரைகள் போய்விட்டன. ஜட்கா வண்டிகளும் போய்விட்டன. புல் அறுப்பது போகவில்லை. இன்றும் ஒரு கறவை மாடு வைத்திருக்கும் நம் வீட்டுப் பெண்களுக்குப் புல் வளர்க்கச் சொந்த நிலம் இல்லை, அடுத்தவன் வரப்புக்குத்தான் போக வேண்டும். ஊரில் ஒரு தகராறு என்றால் ஆதிக்கச் சாதிக்காரன் முதலில் சொல்வது, இனி எங்கள் வயல் பக்கம் புல்லுக்கு வராதே என்பதுதான். வரப்பில் குனிந்திருக்கும் பெண்ணிடம் அவன் என்ன பேசுவான் என்பதை அம்மாக்கள் வீட்டில் முழுதாகச் சொல்வதில்லை. பஞ்சாபில் சங்ரூர் மாவட்டத்துத் தலித் பெண்கள் அதை வெளியே சொன்னார்கள். பஞ்சாயத்துப் பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு தங்களுக்குச் சட்டப்படி உண்டு என்று 2014 முதல் அவர்கள் நடத்தும் போராட்டத்தில், கூலி பற்றிய கோரிக்கைக்கு இணையாக ஒலித்தது தீவனம்தான். எங்கள் மாட்டுக்கு எங்கள் நிலத்திலேயே புல் அறுக்க வேண்டும், எவன் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை என்றார்கள். பல ஊர்களில் நிலத்தைக் கூட்டாகப் பெற்றுப் பயிரும் செய்தார்கள்.

அன்று தீவுத்திடலிலிருந்து திரும்பும்போது கேள்வி கேட்ட தங்கை, தன் பாட்டி சிறுமியாக இருந்தபோது மாம்பலம் பக்கம் ஜட்கா வண்டி நிற்கும் இடத்தில் புல்லுக்கட்டு விற்றதாக அம்மா சொல்லிக் கேட்டிருப்பதாகச் சொன்னாள். பாட்டிக்கு இப்போது எண்பத்தைந்து வயது, காது கொஞ்சம் மந்தம், நினைவு நன்றாக இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறோம். கட்டு என்ன விலை, எங்கே அறுத்தார்கள், எந்தக் குளத்தில் அலசினார்கள், யார் விரட்டினார்கள் என்று கேட்டு எழுதிவரப் போகிறோம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனி ராணுவத் துறைக் கட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் புரட்டவும் இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் நாலு பேர் தேவை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். முதலில் அவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.